50 டிஸ்னி பின் (pin) வாங்கிவிட்டேன், போலி மாதிரி தெரிகிறது. டிஸ்னி பின் மாற்று எப்படித் தொடங்குவது?

டெக்சஸ் அப்பா:
வணக்கம். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போகிறோம். பள்ளித் தோழி ஒருத்தி லேன்யார்டு (கழுத்தில் மாட்டும் பட்டை) நிறைய டிஸ்னி பின், அதாவது பாத்திரங்களின் உருவம் போட்ட குட்டி உலோக வில்லைகள், குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்ததிலிருந்து, தனக்கும் வேண்டுமென்று 9 வயது மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நம் பின் ஒன்றைக் கொடுத்து, பூங்கா ஊழியர் வைத்திருப்பதில் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாமாம். பூங்காக் கடையில் ஒரு பின் 10 டாலருக்கு மேல். இணையத்தில் ஒருவர் 50 பின் 32 டாலர் என்று போட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உடனே வாங்கிவிட்டேன்.

நேற்று பொட்டலம் வந்தது. ஸ்டிச் என்ற டிஸ்னி கார்ட்டூன் பாத்திரத்தின் பின் மட்டும் ஒரே மாதிரி 6 இருக்கிறது. அதில் ஒன்றுக்கு இடது கண்ணில் கறுப்பே இல்லை, வெறும் வெள்ளை. ஓரத்தைத் தடவினால் விரலில் கீறுகிறது. இவை போலியா? ஊழியர்கள் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களா? பிள்ளை எதிரில் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் கவலை.

பின்பலகை:
தம்பி, 32 டாலரை 50-ஆல் வகுத்தாலே பதில் வந்துவிடும். இந்த மாதிரி மொத்தக் கட்டாக வரும் போலிகளைச் சேகரிப்பவர்கள் ‘ஸ்கிராப்பர்’ என்போம். தரம் தேறாமல் ஒதுக்கியவை, அச்சை வைத்துத் திருட்டுத்தனமாகக் கூடுதலாக அடித்தவை எல்லாம் அதில் அடக்கம்.

இருந்தாலும் ஒரேயடியாகத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள் (தமிழில் இதைச் சொன்னாலே சிரிப்பு வருகிறது). டிஸ்னி பதிப்புரிமை வரி இருக்க வேண்டும். பல பின்களில் குட்டிக் குட்டி மிக்கி தலைகள் பதித்த கோலம் இருக்கும். அசலில் அது விளிம்புவரை ஓடி, ஓரத்தில் பாதித் தலையோடு வெட்டுப்படும். போலியில் பெரும்பாலும் விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும், சுற்றிலும் புடவைக்குக் கரை வைத்ததுபோல ஒரு வெற்றுப் பட்டை தெரியும்.

அப்புறம் முன்பக்கம். போன் டார்ச்சை அடித்து, பின்னைச் சாய்த்துப் பிடியுங்கள். ஹார்டு எனாமல் (வண்ணப் பூச்சைத் தேய்த்து மட்டமாக்கிய வகை) என்றால் வண்ணமும் உலோகக் கோடும் ஒரே மட்டமாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். போலியில் வண்ணம் குழி விழுந்திருக்கும், தூசி சிக்கியிருக்கும், எடையும் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அசலிலும் பழுது வரும். கடையில் வாங்கிய ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நல்லது.

நியூஜெர்சிக்காரன்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஊழியர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. நாங்கள் போனபோது மொத்தமாக வாங்கியதைத்தான் கொடுத்தோம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

பின்பலகை:
ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உண்மைதான். அதனால்தான் இன்று ஊழியர் லேன்யார்டிலேயே போலி நிறைந்து கிடக்கிறது. நீங்கள் கொடுத்த கண்ணில்லாத ஸ்டிச்சை, 12 டாலர் கொடுத்து வாங்கிய அசல் பின்னோடு வரும் இன்னொரு பிள்ளை மாற்றிக்கொண்டு போகும். எனக்கு அது மனசு ஒப்பவில்லை.

டெக்சஸ் அப்பா:
சரி அக்கா, போலியைக் கொடுக்கப் போவதில்லை. எத்தனை அசல் பின் இருந்தால் தொடங்கலாம்? அங்கே விதிமுறை ஏதாவது உண்டா?

பின்பலகை:
ஆறேழு போதும். லேன்யார்டோடு சேர்த்து விற்கும் தொடக்கத் தொகுப்பு ஒன்று, மலிவான பின் இரண்டு மூன்று. மாற்றப் போவதையும் வைத்துக்கொள்ளப் போவதையும் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். பிடித்ததை லேன்யார்டில் குத்திக்கொண்டு போனால், யாராவது கேட்கும்போது பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல வராது.

ஒரே ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின் வரைதான். ஒன்றுக்கு ஒன்று, கைக்குக் கை. காசு பேச்சே கூடாது. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் அதே பின்னை நீட்டக் கூடாது. ஊசி முனை குத்தாதபடி பின்னால் ரப்பரை மாட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் லேன்யார்டைத் தொடாமல், “இதைப் பார்க்கலாமா?” என்று கேட்கப் பழக்குங்கள். சில கடைகளில் மாற்றுவதற்கென்றே பலகை வைத்திருப்பார்கள், கூச்சப்படும் பிள்ளைக்கு அது வசதி.

ஊழியரிடம் மாற்றும்போது பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், விலை பார்க்காதீர்கள். மற்ற சேகரிப்பாளர்களிடம் மாற்றும்போது கதையே வேறு. பின்பக்கத்தில் ‘லிமிடெட் எடிஷன்’ (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டது) என்று எண்ணிக்கையோடு இருந்தால், அதற்குச் சமமானது கைக்கு வராமல் விடாதீர்கள். குழந்தையிடம் நயமாகப் பேசி நல்ல பின்னைத் தட்டிப் பறிக்கும் பெரியவர்களும் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஐந்து வளையம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் ஒலிம்பிக் பின்களைச் சேர்க்கும் ஆள். டிஸ்னியில் இந்த மாற்று 1999-ல் புத்தாயிரம் கொண்டாட்டத்தோடு தொடங்கியது. ஒலிம்பிக்கில் வேர் 1896 ஏதென்ஸ்வரை போகிறது. வீரர் யார், நடுவர் யார் என்று தெரிய அட்டை வில்லை குத்திக்கொண்டார்கள். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கோகோ கோலா பின் மாற்று மையமே திறந்தது. 2024 பாரிஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் இதய வடிவப் பின்னுக்கு வீரர்களே அலைந்தார்கள். மகளுக்கு ஆசை தணியாவிட்டால் 2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிறது, டெக்சஸிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம்தான்!

டெக்சஸ் அப்பா:
ராத்திரி சாப்பாட்டு மேசையில் கொட்டி, டார்ச் அடித்துப் பார்த்தோம். 50-ல் 41-க்குப் பின்னால் அந்தக் ‘கரை’ இருக்கிறது. 4 சந்தேகம். 5 தேறும்போல. தொடக்கத் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். விற்றவருக்குப் புகைப்படம் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அவர் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் 49-தான் அனுப்ப முடியும். கண்ணில்லாத ஸ்டிச்சை மகள் தன் பென்சில் பெட்டியில் குத்திக்கொண்டுவிட்டாள். கேட்டால், “அது கண்ணடிக்குதுப்பா” என்கிறாள்.