கனடா வீட்டுச் சுவருக்கு எந்த ட்ரில் பிட்?

டொராண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பி, டிவி மாட்ட என்ன பிட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். பிட் இருக்கட்டும், முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். ஊரில் செங்கல் சுவருக்குச் சிமென்ட் பூசியிருப்பார்கள், ஒரே கான்கிரீட் பிட்டில் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் உள்சுவர் என்பது அரை இன்ச் ட்ரைவால் (ஜிப்சம் பலகை), பின்னால் மரச்சட்டம். சட்டம் இல்லாத இடத்தில் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று காதுக்கே தெரியும்.

டிவியை வெறும் ட்ரைவாலை நம்பி மாட்டாதீர்கள். மரச்சட்டத்தை இங்கே ஸ்டட் என்பார்கள். பொதுவாக 16 இன்ச்சுக்கு ஒன்று இருக்கும், அகலம் ஒன்றரை இன்ச்தான். தேட ஒரு சின்னக் காந்தம் போதும், பலகையை முடுக்கிய ஸ்க்ரூவின் மேல் வந்ததும் ஒட்டிக்கொள்ளும். அங்கே சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டால் துளையிடுங்கள். முதலில் வெள்ளைத் தூள் கொட்டும், அப்புறம் மரச்சீவல் சுருண்டு வரவேண்டும். சீவல் வராமல் பிட் பொசுக்கென்று உள்ளே போனால் ஸ்டட் தப்பிவிட்டது, சற்றுத் தள்ளிப் பாருங்கள். டிவி ஸ்டாண்டை மரத்தில் முடுக்கும் தடித்த லேக் ஸ்க்ரூ 5/16 இன்ச் என்றால் 3/16 இன்ச் பிட் சரியாக இருக்கும். ஸ்டாண்ட் பெட்டியிலுள்ள தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படியே போடுங்கள். பிளக் பாயின்ட், சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையே வேண்டாம், ஒயர் ஓடும்.

கான்டோ, அதாவது அடுக்குமாடி வீடு என்றால் கதை வேறு. உள்ளே மரத்துக்குப் பதில் தகரச் சட்டம் இருக்கலாம், சில சுவர்கள் முழுக் கான்கிரீட். சாம்பல் தூள் வந்து பிட் நகராமல் நின்றால் கான்கிரீட்தான். நுனியில் கார்பைடு பதித்த மேசன்ரி பிட்டும் சுழலும்போதே இடிக்கும் ஹேமர் மெஷினும் வேண்டும். கூரையில் கை வைக்கும் முன் நிர்வாகத்திடம் கேளுங்கள், சில கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகள் போகும், அவற்றில் பிட் படக்கூடாது.

குளியலறை டைல்ஸில் ஹேமரை அணைத்துவிடுங்கள். செராமிக் என்றால் ஈட்டிமுனை பிட், போர்சலின் என்றால் டைமண்ட் பிட். தண்ணீர் தெளித்துக்கொண்டே மெதுவாக. இரும்புக்கு எச்.எஸ்.எஸ்.ஸே போதும், வேகத்தைக் குறைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

தங்க நிறத்தில் மினுக்கும் பெரிய செட்டைப் பார்த்து மயங்கவேண்டாம், அந்த டைட்டானியம் பூச்சு கான்கிரீட்டுக்கு ஆகாது. ஊரிலிருந்து மெஷினையும் தூக்கி வராதீர்கள், அது 230 வோல்ட், இங்கே பிளக்கில் வருவது 120.