மாடி மழைநீரையும் பாத்ரூம் தண்ணீரையும் ஒரே போரில் விடலாமா?

வேளச்சேரி16 எழுதியது:

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 16 வீடுகள். மொட்டை மாடி 4,000 சதுர அடி. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சுற்றுச்சுவர் ஓரமாகக் குழி வெட்டி ஜல்லி போட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு நல்ல மழை பெய்தாலே அவை நிரம்பி வழிகின்றன, தண்ணீர் கீழே இறங்குவதே இல்லை. கோடை வந்தால் லாரிதான். போன வாரம் ஒரு ஒப்பந்ததாரர் வந்து பார்த்தார். வற்றிப்போன பழைய போர் சும்மாதானே கிடக்கிறது, மாடித் தண்ணீரையும் பாத்ரூம் தண்ணீரையும் ஒரு ஃபில்டர் வழியாக அதிலேயே இறக்கிவிடலாம் என்கிறார். சங்கத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் எனக்குப் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆதம்பாக்கம் தோட்டக்காரி எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் முழுவதும் கல்வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. நன்றாக வளர்கின்றன, நாற்றமும் இல்லை. ஆனால் இது தனி வீடு. 16 வீட்டுத் தண்ணீரை என்ன செய்வது என்று உறைக்கார அண்ணன்தான் சொல்லவேண்டும்.

உறைக்காரர் எழுதியது:

மேடம், உங்கள் பயம் நியாயமானது. பாத்ரூம் தண்ணீரைப் போரில் விடவே விடாதீர்கள், எந்த ஃபில்டர் போட்டாலும். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கிணற்று வேலைதான், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சோப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்வது மேல்மண். அந்த இரண்டு மூன்றடியில்தான் காற்று இருக்கிறது, வேர் இருக்கிறது, அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. போர் அதையெல்லாம் தாண்டிப் போய் அழுக்கை நேராக நிலத்தடி நீரில் சேர்த்துவிடும். பக்கத்து வீட்டுப் போரும் அதே தண்ணீரைத்தான் இழுக்கிறது. ஒரு தடவை கெட்டால் சரிசெய்வது லேசில் நடக்காது.

இனி உங்கள் ஜல்லிக் குழி. ஒன்றைத் திறந்து கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஜல்லி தனித்தனியாக வராது. மாடித் தூசி, சருகு, காக்கை எச்சம் எல்லாம் இடுக்கில் இறங்கி, கறுப்புச் சேற்றோடு கடலை மிட்டாய் மாதிரி கட்டியாகப் பெயர்ந்து வரும். அதில் தண்ணீர் எங்கே இறங்கும்? அதனால் நான் குழிக்குள் ஜல்லி போடுவதில்லை. 3 அடி விட்டத்தில் துளை போட்ட சிமெண்ட் உறைகளை, களிமண்ணைத் தாண்டி மணல் தெரிகிற வரை இறக்கி, உள்ளே வெற்றாக விட்டு மேலே மூடி போட்டுவிடுவேன். வருடா வருடம் மழைக்கு முன்னால் வண்டலை அள்ளிவிடலாம். உங்கள் பக்கம் மேலே களிமண் கனமாக இருக்கும். ஐந்தடிக் குழியால் பயனில்லை.

ஆனால் உறைக்குச் செலவு செய்யும் முன் ஒரு வேலை. நவம்பரில் பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். தண்ணீர் மூன்று நாலடியில் நின்றால் மண்ணுக்குள் இடமே இல்லை என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் எந்தக் குழியும் வழியத்தான் செய்யும்.

ஆகவே மாடித் தண்ணீரை முதலில் தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்குக் கொண்டுபோங்கள். 4,000 சதுர அடி என்றால் சுமார் 372 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 50 மி.மீ. மழைக்கு 18,600 லிட்டர். பத்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 12,000 லிட்டர் லாரியைவிட அதிகம்! சீசனின் முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு, சம்ப்புக்கு முன்னால் வலையும் மணலும் உள்ள சின்னத் தொட்டி, இவ்வளவு போதும். காய்ச்சாமல் குடிக்க மட்டும் வேண்டாம். சம்ப் நிரம்பி வழிவது உறைக்குப் போகட்டும்.

பெருங்குடி ராஜா எழுதியது:

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-லிருந்து கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களே, தலா தினமும் 4.5 கோடி லிட்டர் திறன். அதே மாதிரி சின்னதாக அடுக்ககத்துக்கு வைத்தால் என்ன?

உறைக்காரர் எழுதியது:

அது அருமையான வேலை சார், ஏரித் தண்ணீரைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் குடிக்க மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே இரவும் பகலும் கவனிக்க ஆள் இருக்கிறது. 16 வீட்டில் கரண்ட் பில்லையும், ஆர்.ஓ.வில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேனையும் யார் பார்ப்பது? இரண்டே மாதத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.

வேளச்சேரி16 எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் பாத்ரூம் தண்ணீர் சாக்கடைக்கே போகட்டுமா?

உறைக்காரர் எழுதியது:

வேண்டாம் மேடம், அது பெரிய சொத்து. ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போடுவதில் குளிக்க 55, துணிக்கு 20. டாய்லெட்டுக்கு 30தான். ஆனால் எல்லா வீட்டுக் குழாயையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு வரிசை பாத்ரூம் குழாயை மட்டும் பிரித்து, காலி இடத்தில் மணலும் ஜல்லியும் போட்ட பாத்தியில் கல்வாழை வைத்து அதில் விடுங்கள். இங்கே ஜல்லி பரவாயில்லை, அடைத்தால் கையால் எடுத்துக் கழுவிவிடலாம். மழை நாளில் பாத்தி ஊறிப்போகும், அப்போது சாக்கடைக்குத் திருப்ப ஒரு வால்வு கட்டாயம். தொட்டியில் பிடித்து வைத்தால் ஒரு நாளுக்குமேல் வைக்காதீர்கள், நாறும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் ஊற்றும் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நுண்ணுயிர்கள் செத்துவிடும். சோடியம் அதிகமுள்ள சலவைத்தூளும் களிமண்ணை இறுக்கிவிடும். சமையலறைத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கு, அது சாக்கடைக்கே போகட்டும்.

பழைய போரின் வாயை இப்போதே மூடி போட்டு வெல்டிங் செய்துவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம்.