ரெக்கார்டர் எப்போதும் 90 சதவீதம் நிறைந்தே இருக்கிறது, இப்போது 'டிக் டிக்' சத்தம் வேறு

கல்பனா_இரவுப்பணி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பெரும்பாலும் இரவு வேலை. வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் நான் இருக்க மாட்டேன். அதனால்தான் ரெக்கார்டர் உள்ள செட்-டாப் பாக்ஸாகப் பார்த்து வாங்கினோம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு ட்யூனர் (ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவு செய்யலாம்).

இப்போது அதில் எனக்கென்று இடமே இல்லை. மாமியாருடைய சீரியல்கள் தினமும் தானாகப் பதிவாகின்றன. அவர் அவற்றை நேரலையிலேயே பார்த்துவிடுகிறார், ஆனாலும் அழிக்கக் கூடாதாம். "ஒரு நாள் விட்டுப்போனால் வேண்டுமே" என்கிறார். என் கணவர் விளையாட்டுப் போட்டிகளைப் பதிவு செய்கிறார். முக்கியமான ஆட்டமெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்னால் அறுந்துவிடுகிறது. நான் போட்டுவைக்கும் ஆவணப்படம் இரவு ஒன்பது மணிக்கு. அதே நேரத்தில் இவர்கள் இருவருடையதும் இருந்தால் என்னுடையதுதான் ரத்து.

இது ஒரு பக்கம். சில நாட்களாகப் பாக்ஸிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, படம் நின்று நின்று போகிறது. சேவை நிறுவனத்தைக் கேட்டால், பாக்ஸை மாற்றித் தருகிறோம், உள்ளே இருப்பது போய்விடும் என்கிறார்கள். மற்றதெல்லாம் போகட்டும். என் அப்பா ஒரு சேனலில் பேசிய நேர்காணல் அதில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அதை மட்டும் எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போட்டால் வருமா? புதிய பாக்ஸில் 2 டிபி டிஸ்க் கேட்டு வாங்கினால் மற்ற தொல்லைகள் தீருமா?

ரிமோட்_யாரிடம்:

2 டிபி வாங்குங்கள், தீர்ந்தது. ஆனால் ஒரு சந்தேகம். இப்போது எல்லாம் ஆப்பிலேயே கிடைக்கிறதே, எதற்கு ரெக்கார்டர்?

ஓய்வுபெற்ற_மெக்கானிக்:

சகோதரி, முதலில் அப்பாவுடைய நேர்காணல். மற்றதை அப்புறம் பேசுவோம்.

டிக் டிக் என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் தலை (தகவலைப் படிக்கும் முனை) தகட்டில் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் சத்தம். இப்போதே பாக்ஸை பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. பல பாக்ஸ்களில் ஸ்டாண்ட்பையில் விளக்கு மட்டும்தான் அணையும், டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும். டிவி ஓடும்போது யாரும் எதையும் பதிவு செய்யாவிட்டாலும், நேரலையை நிறுத்திப் பின்னால் போக வசதியாக அந்தச் சேனலைப் பாக்ஸ் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்குக்கு ஓய்வே கிடையாது.

டிஸ்க்கைக் கழற்றுவது வீண். பதிவுகள் அந்தப் பாக்ஸுக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்பட்டிருக்கும். கணினியில் மாட்டினால் கோப்பு எதுவும் தெரியாது, "ஃபார்மேட் செய்யவா?" என்று வேண்டுமானால் கேட்கும். தெரியாமல் ஆம் என்று அழுத்தியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வந்தும் பயனில்லை.

வழி இதுதான். பாக்ஸின் பின்புறம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளை இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் அதற்குப் பதிலாக ஹெட்ஃபோன் துளை போல ஒன்று இருக்கும், அதற்குத் தனி கேபிள் உண்டு. அதிலிருந்து ஒரு யூஎஸ்பி கேப்ச்சர் ஸ்டிக் (ஓடும் படத்தைக் கணினியில் பதிவாக்கும் சிறு கருவி) வழியாகக் கணினிக்குக் கொண்டுபோங்கள். எச்டிஎம்ஐ வழியாக முயன்றால் கறுப்புத் திரைதான் வர வாய்ப்பு அதிகம், அதில் நகல் தடுப்பு உண்டு. மஞ்சள் கேபிளில் எச்டி தரம் வராது. பரவாயில்லை, முகமும் குரலும் வரும்.

கேப்ச்சர் ஸ்டிக் கையில் வந்து, கணினியில் வேறு ஏதாவது ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பாக்ஸை ஆன் செய்யுங்கள். ஆன் செய்து அணைத்து, ஆன் செய்து அணைத்து விளையாட வேண்டாம். இந்த நிலையில் உள்ள டிஸ்க் அடுத்த முறை சுற்றத் தொடங்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆன் ஆனதும் வரிசையில் நிற்கும் எல்லாப் பதிவுகளையும் ரத்து செய்யுங்கள், ஆமாம், சீரியலையும். நேர்காணல் ஒரு மணி நேர நிகழ்ச்சியின் நடுவில் இருந்தால் வேகமாக ஓட்டித் தேடாதீர்கள். தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டு முழுவதையும் பிடியுங்கள். வெட்டுவதைக் கணினியில் செய்துகொள்ளலாம். கூடவே ஸ்டாண்டில் ஒரு போனை வைத்து டிவித் திரையையும் படம் பிடியுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கேப்ச்சர் சொதப்பினால் அதுதான் மிஞ்சும். சேனலுக்கும் ஒரு கடிதம் போடுங்கள், நிகழ்ச்சியின் பெயரும் ஒளிபரப்பான தேதியும் எழுதி. அவர்களிடம் நல்ல பிரதி இருக்கலாம்.

சரி, இப்போது டிஸ்க் அளவு. எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 3.6 ஜிபி. 500 ஜிபியில் சுமார் 139 மணி நேரம், பாக்ஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வதைக் கழித்தால் இன்னும் குறைவு. தினம் ஐந்து அரை மணி நேர சீரியல், வாரம் ஆறு நாள் என்றால் 15 மணி நேரம், 54 ஜிபி. இரண்டு மாதத்தில் டிஸ்க் முழுவதும் மாமியார் வசம். 2 டிபி என்றால் எட்டு மாதம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். 1999-ல் வந்த முதல் டீவோ ரெக்கார்டர் பெட்டிகளில் சிறியதில் 14 மணி நேரம்தான் பிடிக்கும். அதை வைத்தும் ஜனங்கள் குடும்பம் நடத்தினார்கள், பார்த்ததும் அழித்துவிடுவார்கள் என்பதால்.

அதனால் மாமியாரிடம் அழிக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். சீரியல் பதிவின் அமைப்பில் "கடைசி 5 எபிசோட் மட்டும் வைத்திரு" என்பது போல ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஆறாவது வரும்போது முதலாவது தானாகப் போகும். ஒரு நாள் விட்டுப்போனாலும் அவருக்குக் கிடைக்கும். அதே சேனலின் சாதாரணத் தரப் பதிப்பு இருந்தால் அதிலிருந்து பதிவு செய்யுங்கள், மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். சீரியலுக்கு அது தாராளம். (என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

ஆட்டம் அறுவதற்குக் காரணம், பாக்ஸ் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, நிகழ்ச்சி அட்டவணையைத்தான் பார்க்கிறது. அட்டவணையில் முடியும் நேரம் வந்ததும் நிறுத்திவிடும். முடிவு நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள், அல்லது அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மாஹூவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். அந்த மாதிரிக்கு எதுவும் உதவாது, விட்டுவிடுங்கள்.

உங்கள் ஒன்பது மணி ஆவணப்படத்துக்கு மறுஒளிபரப்பைப் பாருங்கள். இத்தகைய நிகழ்ச்சிகளை நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ திரும்பப் போடுவது வழக்கம். ட்யூனர் இரண்டும் சும்மா இருக்கும் நேரம் அது. நீங்கள் எப்படியும் பிறகுதான் பார்க்கப்போகிறீர்கள்.

இன்னொன்று. புதிய பாக்ஸை ஆம்ப்ளிஃபயர் மேலே அடுக்காதீர்கள், மேலே துணி விரிக்காதீர்கள். சர்வீஸ் மேசைக்கு வந்த பாதிப் பாக்ஸ்களைத் திறந்தால் தூசியும் சூடும்தான். உள்ளே சுற்றுவது கணினியில் இருப்பது போன்ற ஹார்ட் டிஸ்க்தான்.

ரிமோட்_யாரிடம் தம்பிக்கு: ஆப்பில் இருப்பது அவர்கள் வைத்திருக்கும் வரைதான், உரிமம் முடிந்தால் காணாமல் போகும். விளம்பரத்தைத் தாண்டவும் பல இடங்களில் விடமாட்டார்கள். நான் எட்டு மணி நிகழ்ச்சியை எட்டேகாலுக்குத் தொடங்குவேன். விளம்பரங்களைத் தாண்டித் தாண்டி, முடியும் நேரத்தில் நேரலையைப் பிடித்துவிடுவேன். இந்தச் சுகத்துக்காகவே பாக்ஸ் வைத்திருக்கிறேன்.

ரிமோட்_யாரிடம்:

எட்டேகால் விஷயம் தெரியாது அண்ணா. ஆனால் நான் பார்ப்பதில் நேரலை என்பதே கிடையாது, எனக்கு ஆப் போதும்.

கல்பனா_இரவுப்பணி:

அண்ணா, கிடைத்துவிட்டது! மூன்று துளை இருந்தது. கேப்ச்சர் ஸ்டிக் வந்ததும் நீங்கள் சொன்னபடியே செய்தேன். சீரியல் பதிவுகளை ரத்து செய்ததற்கு மாமியார் அன்று முழுவதும் பேசவில்லை. பிறகு நேர்காணல் ஓடியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சம்பந்தி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்" என்றார். 'கடைசி 5' அமைப்புக்கும் ஒத்துக்கொண்டார். நான் 7 என்று சொல்லி முடித்தேன்.

இரண்டு கேள்வி. ஒலி இடது பக்கம் மட்டும்தான் வருகிறது. ஓரிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்பா சொல்லும் ஒரு வாக்கியமும் விழுங்கப்படுகிறது. திரும்ப ஓட்டிப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற_மெக்கானிக்:

நல்லது அம்மா. ஒலிக்குக் கவலை வேண்டாம். சிவப்பு கேபிள் சரியாக உட்கார்ந்திருக்காது. எந்த எடிட்டிங் மென்பொருளிலும் இடது ஒலியை வலதுக்கு நகலெடுக்கலாம். பேச்சுதானே, வித்தியாசம் தெரியாது.

கட்டம் உடைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அன்று சிக்னல் பலவீனமாக இருந்து அப்படியே பதிவாகியிருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான். போன் வீடியோ அதே ஓட்டத்தில் எடுத்தது, அதிலும் அந்த வாக்கியம் இருக்காது. டிஸ்க் படிக்கத் திணறியதாக இருந்தால் இன்னொரு முறை நன்றாக வரலாம். முதலில் கணினியில் உள்ள கோப்பை இன்னும் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அதன் பிறகு சிவப்பு கேபிளை அழுத்திச் சொருகி, முழுவதையும் இன்னொரு முறை பிடியுங்கள். அப்போதும் அதே இடத்தில் உடைந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த வாக்கியத்துக்குச் சேனலின் பிரதிதான் வழி, கடிதத்தை மறக்காதீர்கள்.

பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு காகிதத்தில் எந்தெந்த சீரியல், எந்தச் சேனல், எத்தனை மணி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் ஆவணப்படத்தை மேலே போடுங்கள், கேட்டால் மெக்கானிக் சொன்னார் என்று சொல்லுங்கள்.