24 வோல்ட் லாரி: எஞ்சின் சூடானால் செல்ஃப் எடுப்பதில்லை, இண்டிகேட்டரோடு ஹீட் மீட்டர் முள்ளும் ஆடுகிறது

தீவன லாரி, நாமக்கல்:

வணக்கம். என்னிடம் 2009 மாடல் ஆறு சக்கர லாரி இருக்கிறது. 24 வோல்ட், டீசல் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகை. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளுக்குக் கோழித் தீவனம் ஏற்றுகிறேன், நானே ஓட்டுகிறேன்.

இரண்டு மாதமாக ஒரே பாடு. காலையில் சாவி போட்டால் முதல் அடியிலேயே வண்டி எடுத்துவிடும். பண்ணைக்குப் போய் லோடு இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மீட்டர் போர்டு விளக்கு எல்லாம் செத்துப்போகிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. எல்லா நாளும் இப்படி இல்லை, வாரத்தில் மூன்று நாள் நடக்கும்.

பேட்டரி இரண்டும் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றியாகிவிட்டது. ஒரு பட்டறையில் ‘டைனமோ சார்ஜ் பத்தவில்லை, மாற்றிவிடு’ என்கிறார்கள். அந்தச் செலவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, இன்னும் இரண்டு விஷயம். இரவில் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் போட்டால், இண்டிகேட்டர் விட்டு விட்டு எரியும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள்ளும் கூடவே துள்ளுகிறது. இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது.

டிப்பர் டிரைவர், ஓசூர்:

அண்ணா, எனக்கு இதே ‘டக்’ சத்தம் வந்தபோது செல்ஃபுக்குக் கரண்ட் விடும் ரிலேதான் போயிருந்தது. முதலில் அதைப் பாருங்கள், விலையும் குறைவு.

வயரிங் வேலை, கரூர்:

ரிலே போனால் விளக்கு மங்காது தம்பி. ரிலே கெட்டால் செல்ஃபுக்குக் கரண்டே போகாது, விளக்கு பளிச்சென்று எரியும். இங்கே விளக்கு சாகிறது என்றால் கரண்ட் கிளம்பிப் போகிறது, வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறது.

தீவன லாரி அண்ணா, டைனமோவுக்கு இப்போது பணம் போடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அந்த ஹீட் மீட்டர் முள்தான் நோயைச் சொல்கிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். அதற்கும் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸுக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு கிடையாது, செம்பு இழை பின்னிய ஒரு எர்த் பட்டைதான் பாலம். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். டைனமோவின் சார்ஜும் அதே பாதைதான். ஹீட் சென்சாருக்கும் எர்த் எஞ்சின் பிளாக்தான். பட்டை கெட்டால் மூன்றும் சேர்ந்தே கெடும். உங்களுக்கு மூன்றும் கெட்டிருக்கிறது.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், அளந்து பாருங்கள். நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை, சேஸோடு சேரும் பேட்டரி மைனஸின் ஈயத் தூணில் வையுங்கள். தூணைக் கவ்வும் கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்பின் குறை தெரியாது. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில். எஞ்சின் பிடிக்காதபடி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. முக்கியமாக, வண்டி அடம் பிடிக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் அளந்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

அப்படியே எஞ்சின் ஓடும்போது சார்ஜ் வோல்டேஜை இரண்டு இடத்தில் பாருங்கள்: டைனமோவின் பெரிய டெர்மினலுக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் ஒன்று, பேட்டரி செட்டின் இரு முனைக்கும் நடுவில் ஒன்று. வண்டி நின்ற பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

தீவன லாரி, நாமக்கல்:

அளந்துவிட்டேன். நேற்று பண்ணையில் வண்டி எடுக்காத நேரத்தில், எர்த் பக்கம் 11 வோல்ட் காட்டியது! இன்று காலை நன்றாகச் சுற்றும்போது 1.6. டைனமோவில் 27.8, அதே நேரம் பேட்டரியில் 26.4. நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பேட்டரி 12.8, மற்றது 12.1. இன்னொன்று, மூன்று நான்கு முறை சாவி திருப்பியதும் ஆக்சிலேட்டர் கேபிள் தொட முடியாத சூடு. உறை லேசாக உருகியிருக்கிறது.

வயரிங் வேலை, கரூர்:

பட்டை விடாத கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்புகிறது அண்ணா. அது தீப்பிடிக்கும் இடம். சரி செய்யும்வரை மறுபடி மறுபடி சாவி திருப்பாதீர்கள். கட்டாயம் எடுத்தாக வேண்டுமென்றால், பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த ஜம்பர் கேபிள் கொடுத்து அடியுங்கள். டைனமோ நல்லாயிருக்கிறது, 27.8 கொடுக்கிறது. வழியில் 1.4 வோல்ட் தொலைகிறது.

ஒரு கேள்வி. சமீபத்தில் கிளட்ச் வேலையோ, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) சேஸ் பெயிண்ட்டோ நடந்ததா?

இன்னொரு கேள்வி. பாட்டுப் பெட்டி எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது?

தீவன லாரி, நாமக்கல்:

எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடித்தோம், அதே வாரம் கிளட்ச் பிளேட்டும் மாற்றினோம். பாட்டுப் பெட்டியும் போன் சார்ஜரும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.

வயரிங் வேலை, கரூர்:

அந்தப் பேட்டரிதான் 12.1. பாட்டுக்கு அதிலிருந்து மட்டும் எடுக்கிறீர்கள், டைனமோ இரண்டையும் வரிசையாகச் சேர்த்துத்தான் ஏற்றும். எனவே ஒன்று எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீரைக் கொதிக்கவிடும். உங்களுக்குத் தண்ணீர் குறைவது 12.8 காட்டும் பேட்டரியில்தான் இருக்கும், பாருங்கள். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து இணையுங்கள். அதற்கு முன் 12.1 பேட்டரியைக் கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் தனியாக முழுதாக ஏற்றிவிடுங்கள்.

எர்த்துக்கு: கிளட்ச் வேலைக்குக் கழற்றிய பட்டையைப் புதுப் பெயிண்ட் மேலேயே மாட்டியிருப்பார்கள். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில்தான் மாட்ட வேண்டும். பட்டையை இரு முனையிலும் எடுத்துவிட்டு, சேஸிலும், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலும் லக் (போல்ட் போடும் உலோக முனை) உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். பழைய பட்டையைத் திரும்ப மாட்டாதீர்கள். 70 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இரு பக்கமும் லக் அழுத்திப் புதிதாகப் போடுங்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் துரு பிடிக்காது. பேட்டரி மைனஸ் சேஸில் சேரும் இடத்தையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். ஆக்சிலேட்டர் கேபிளையும் மாற்றிவிடுங்கள்.

தீவன லாரி, நாமக்கல்:

மூன்று வாரம் ஆகிறது. பட்டையைக் கழற்றியபோது லக்குக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. பின்னலை விரலால் வளைத்ததும் பச்சைத் தூள் கொட்டி, பாதி இழை கையோடு வந்துவிட்டது. இப்போது சூட்டிலும் எர்த் பக்கம் 0.3 வோல்ட்தான். பேட்டரியில் 27.7 நிற்கிறது. முள் அசையவில்லை. தண்ணீர் குறைந்ததும் நீங்கள் சொன்ன பேட்டரிதான். பண்ணையில் வண்டி எடுக்குமா என்ற பயமில்லாமல் எஞ்சினை நிறுத்துகிறேன் அண்ணா, இவ்வளவு நாளும் டீசல் எரிந்தாலும் பரவாயில்லை என்று ஓடவிட்டிருந்தேன். ரொம்ப நன்றி.

கன்வர்ட்டருக்கு ஃபியூஸ் எங்கே போடுவது?

வயரிங் வேலை, கரூர்:

பேட்டரி பிளஸுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள். கேபினில் போட்டால் அதுவரை வரும் வயர் எங்காவது சேஸில் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.