ராகிக் களியே சாப்பாடு, ஆனாலும் ட்ரைகிளிசரைடு 268. சத்து மாத்திரை உதவுமா?

பாலக்கோடு_தக்காளி:
அப்பாவுக்கு 58 வயசு. காட்டு வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. வெறும் வயித்துல எடுத்த ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 214, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 124, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடுற கொழுப்பு) 268. காலையில ராகிக் கூழ், ராத்திரி ரெண்டு உருண்டை களி, கொள்ளுச் சாறு. எண்ணெய்ப் பலகாரம் வீட்டுல அபூர்வம். ராகியில கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இருக்குன்னுதானே சொல்றாங்க, அப்புறம் ஏன் கொழுப்பு ஏறுது? ஜிங்க், செலினியம், வைட்டமின் ஈ சேர்ந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா? வயிறு உப்புசமும் மலச்சிக்கலும் வேற இருக்கு.

ஓசூர்_லேப்மேசை:
ரிப்போர்ட்ல எல்டிஎல்லை நேரடியா அளந்திருக்க மாட்டாங்க. மொத்தத்துல எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சா அந்த 124 வரும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினா இந்தக் கணக்கு செல்லாது. இங்க செல்லும்.

இதுல பெரிய கோளாறு ட்ரைகிளிசரைடுதான். 150-க்குக் கீழ இருக்கணும். எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு உருண்டைக்கு 100 கிராம் மாவுன்னு வெச்சாலும், ரெண்டு உருண்டையில 130 கிராமுக்கு மேல மாவுச்சத்து போகுது. காட்டுல வேலை செஞ்ச உடம்புக்கு அது எரிபொருள். இப்ப செலவாகாம மிஞ்சுறதைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல விடுது. அது ஏறும்போது எச்டிஎல் இறங்குறதும் வழக்கம்.

கால்சியம் வேலை செய்யுற இடம் குடல். அங்க கொழுப்பு அமிலத்தையும் பித்த அமிலத்தையும் பிடிச்சு மலத்தோட வெளியேத்தும். போன பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும். அதனால எல்டிஎல் கொஞ்சம் குறையலாம். ஆனா ரெண்டாவது உருண்டையோட மாவுச்சத்தை அது ஈடுகட்டாது.

மாத்திரை வேண்டாம். ஜிங்க் தினம் 50 மில்லிகிராமுக்கு மேல நாள்பட எடுத்தா செம்பு உறிஞ்சப்படுறது குறையும், எச்டிஎல்லும் இறங்கும். ஏற்கெனவே 36-ல இருக்கிறவருக்கு அது கெடுதல். வைட்டமின் ஈ பத்தி 2000-ல வந்த ஹோப் ஆய்வுல, இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவங்களுக்கு தினம் 400 யூனிட் கொடுத்துப் பார்த்தாங்க. மாரடைப்பும் குறையல, இறப்பும் குறையல.

உணவுல வர்ற பாலிஃபீனால் (தாவரங்கள்ல இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் பொருள்) வேற கதை. அதுல பெரும்பகுதி ரத்தத்துக்கே போகாம பெருங்குடலுக்கு வரும். அங்க இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைச்சுப் பயன்படுத்துது. நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு பியூட்டிரேட்ங்கிற சின்னக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குது. குடல் சுவரோட செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு.

சர்க்கரைக்கு எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச் ரெண்டும் பாருங்க. மது பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினா கணையம் வீங்குற ஆபத்து உண்டு, அப்ப உணவை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அரூர்_அம்மிக்கல்:
மாவைச் சலிக்கிறீங்களா தம்பி? ராகியோட பாலிஃபீனால் உமித்தோல்லதான் குவிஞ்சிருக்கு, நாரும் அங்கதான் அதிகம். மெல்லிசு சல்லடையில சலிச்சா அதைத்தான் கொட்டுறோம். கல், மண் போகப் புடைச்சுட்டு அப்படியே அரைங்க.

இன்னொரு விஷயம் ஃபைட்டேட், தானியத்துல இயற்கையாவே இருக்கிற ஒரு பொருள். இரும்பு, ஜிங்க், கால்சியம் எல்லாத்தையும் அது பிடிச்சு வெச்சுக்கும். தானியத்துலயே அதை உடைக்கிற நொதி இருக்கு, ஆனா சூடு பட்டா செத்துடும். அதனால வெந்த கூழைப் புளிக்க வைக்கிறதை விட, பச்சை மாவை தோசை மாவுப் பதத்துக்குக் கரைச்சு 10, 12 மணி நேரம் புளிக்க வெச்சு அப்புறம் காய்ச்சுறது மேல். ஓசூர்க் குளிருக்கு 16 மணி வரைக்கும் ஆகும். மேல இளஞ்சிவப்புத் திட்டோ பூஞ்சை வாடையோ வந்தா மொத்தமும் கொட்டிடணும், மேலாக வழிச்சு எடுத்தா போதாது.

முளைகட்டின ராகி நல்லதுன்னு களிக்குப் போட்டுடாதீங்க. முளையில மாவுச்சத்து உடைஞ்சு களி உருண்டை பிடிக்காது, நெகிழ்ந்துடும். அப்பாவுக்கு அந்தக் கஞ்சி சர்க்கரையையும் சீக்கிரம் ஏத்தும்.

ராத்திரிக்கு ஒரு உருண்டை போதும். குறையுற இடத்துல முருங்கைக்கீரைக் கடைசலும் அவரைக்காய்ப் பொரியலும் ரெண்டு கரண்டி வையுங்க. கடைசலுக்கு எலுமிச்சையை அடுப்பை விட்டு இறக்கின பிறகு பிழியுங்க, கொதியில வைட்டமின் சி வீணாகும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், கீரையோட இரும்பை அது பிடிச்சுக்கும். கொள்ளை 12 மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு வேக வையுங்க. உப்புசம் உண்டாக்குற சர்க்கரைகள் கொஞ்சம் அந்தத் தண்ணியோட போகும். தலைக்கு 30 கிராம் கொள்ளுல ஆரம்பிங்க. நாரை ஒரே வாரத்துல கூட்டி, தண்ணி குடிக்கிறதைக் கூட்டலேன்னா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

மாம்பழ சீசன்ல தனியா கவனிங்க. 150 கிராம் சதையில 20 கிராம் வரைக்கும் சர்க்கரை இருக்கு. ராத்திரி களிக்கு மேல அதையும் சேர்க்கக் கூடாது.

பாலக்கோடு_தக்காளி:
ரொம்ப நன்றிங்க. அம்மா மாவைச் சலிச்சுத்தான் எடுக்கிறாங்க, இன்னிக்கே சொல்லிடுறேன். சமையலுக்கு ஊத்துறது போர் தண்ணி. அது பரவாயில்லையா?

பென்னாகரம்_குடம்:
உப்புசத்துக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணியில ஃப்ளோரைடு பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனாலதான். அளவு மிஞ்சினா பல், எலும்பு மட்டுமில்லை, இரைப்பைச் சவ்வையும் உறுத்தும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லாதப்ப 1.5 வரைக்கும். கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். களிக்கு ஊத்துற தண்ணி வடியாம முழுக்க வயித்துக்குள்ள போகுது, அதனால குடிக்க மட்டும் நல்ல தண்ணி வெச்சா பத்தாது, உலைக்கும் அதுதான் வேணும். உணவுல இருக்கிற கால்சியம் குடல்லயே ஃப்ளோரைடைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும், ராகியும் மோரும் அந்த வகையில துணை.

தர்மபுரியில குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல தண்ணியைச் சோதிக்கலாம். மாதிரிக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுங்க, ஃப்ளோரைடு கண்ணாடியோட வினை புரியும். மோட்டாரை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க.