பழைய லேப்டாப்பில் 940எம்எக்ஸ்: ஓவர்க்ளாக் செய்தால் ஜிடிஏ 5 ஒழுங்காக ஓடுமா?

கேள்வி

வணக்கம். 2017-இல் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த லேப்டாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-7200யு, 8 ஜிபி ரேம், என்விடியா ஜிஃபோர்ஸ் 940எம்எக்ஸ் 2 ஜிபி கிராஃபிக்ஸ் சிப் (ஜிபியு), சாதாரண ஹார்ட் டிஸ்க். இப்போது வேலைக்குப் போகிறேன் என்றாலும், வீட்டுக் கடன் முடியும்வரை புதிது வாங்கும் எண்ணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிடிஏ 5 ஆடுவேன். 1366×768, எல்லா செட்டிங்கும் நார்மல். தொடங்கும்போது 38 எஃப்பிஎஸ் (நொடிக்கு 38 படம்) வருகிறது. பத்து நிமிடம் போனதும் திடீரென்று 17-க்கு இறங்கிவிடுகிறது. கொஞ்சம் ஏறும், உடனே மறுபடி விழும். வண்டியைத் திருப்பினால் படம் நின்று நின்று வருகிறது.

ஓவர்க்ளாக் செய்தால் (சிப்பை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டினால்) சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் போட்டுக் கோர் க்ளாக்கை (ஜிபியுவின் வேகத்தை) +135 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். அதற்கு மேல் ஸ்லைடர் நகரவில்லை. 41 எஃப்பிஎஸ் வந்தது, ஆனால் முன்பு பத்து நிமிடம் தாங்கியது இப்போது ஆறு நிமிடத்திலேயே படுத்துவிடுகிறது. வோல்டேஜ் ஸ்லைடர் தொடவே முடியாதபடி மங்கலாக இருக்கிறது. பயாஸை (சிப்பின் வேக எல்லைகள் பதிந்த அடிப்படை நிரலை) மாற்றி எழுதினால் அந்த 135 தடையை உடைக்கலாமாமே, செய்யலாமா?

முதல் பதில்

தம்பி, முதலில் அந்த +135-ஐப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பயாஸ் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

பத்து நிமிடம் ஆறு நிமிடமானது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. சிப் வேகம் போதாமல் திணறவில்லை. சூடு தாங்காமல் தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. க்ளாக்கை ஏற்றினால் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும், அதனால் இன்னும் சீக்கிரம் விழுகிறது.

கணக்கும் பாருங்கள். 940எம்எக்ஸ் டிடிஆர்3 வகையின் அடிப்படை க்ளாக் 1122 மெகாஹெர்ட்ஸ். அதில் 135 என்பது 12 சதவீதம்தான். 38-இலிருந்து 17-க்கு விழும்போது நீங்கள் இழப்பதோ பாதிக்கு மேல். முதலில் அதை மீட்க வேண்டும்.

ஜிபியு-இசட், எச்டபிள்யூ இன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருள்கள் இரண்டையும் போட்டு, பின்னணியில் ஓடவிட்டு இருபது நிமிடம் ஆடுங்கள். சிபியு சூடு, ஜிபியு சூடு, ஜிபியு க்ளாக், அப்புறம் ஜிபியு-இசட்டில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்ற வரி (வேகம் எதனால் தடைபடுகிறது என்று காட்டுவது), இந்த நான்கும் எஃப்பிஎஸ் விழும் நொடியில் எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள். மெமரி டைப் என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். சார்ஜர் மாட்டியே ஆடுங்கள், பேட்டரியில் எடுத்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

கேட்டவர்

பார்த்துவிட்டேன் அண்ணா. எஃப்பிஎஸ் விழும்போது சிபியு 96 டிகிரி, ஜிபியு 84 டிகிரி. ஜிபியு க்ளாக் 1189-இலிருந்து 540-க்கு இறங்குகிறது. பெர்ஃப்கேப் ரீசனில் 'தெர்ம்' (சூடு) என்று காட்டுகிறது. மெமரி டிடிஆர்3. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறந்து சுத்தம் செய்ததில்லை. ஃபேன் சத்தம் பலமாகக் கேட்கிறது, ஆனால் பக்கவாட்டில் காற்று மெல்லத்தான் வருகிறது.

இரண்டாம் பதில் (லேப்டாப் சர்வீஸ் செய்பவர்)

சத்தம் இருக்கிறது, காற்று இல்லை என்றால் தூசிதான். ஃபேனுக்கும் செம்புத் துடுப்புகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளே இன்னும் இறுகும். திறந்துதான் எடுக்க வேண்டும்.

உங்கள் மாதிரி லேப்டாப்பில் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் பெரும்பாலும் ஒரே ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), ஒரே ஃபேன். அதனால் சிபியுவின் சூடு ஜிபியுவையும் சேர்த்து வதைக்கும். இதை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

கைப்பழக்கம் இருந்தால் நீங்களே செய்யலாம். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஃபேனைத் தனியாகக் கழற்றிப் பிரஷ்ஷால் துடையுங்கள். ப்ளோயர் அடித்தால் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும், மோட்டார் எதிர்மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கும் கேடு செய்யலாம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது 1-இலிருந்து தொடங்குங்கள். சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது, ஒரே பக்கம் அழுத்தினால் ஓரம் உடைந்துவிடும்.

சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் இத்தனை வருடத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற சாதாரண பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுங்கள். மெமரி சிப்கள் மேல் ரப்பர் மாதிரி பேட் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் பூசக் கூடாது, இடைவெளி நிரம்பாது. கிழிந்திருந்தால் அதே தடிமனில் வேறு பேட் வாங்கி வையுங்கள். பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் ஷார்ட் ஆகும்.

துளி சந்தேகம் இருந்தாலும் தெரிந்த கடையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தே செய்து வாங்குங்கள்.

மூன்றாம் பதில்

நான் இதே சிப்பில் பயாஸ் மாற்றியவன், அதனால் சொல்கிறேன். டெஸ்க்டாப் கார்டில் அதன் பயாஸ் கார்டுக்குள்ளேயே இருக்கும். கெட்டுப்போனால் வேறு கார்டு போட்டு மீட்டுக்கொள்ளலாம். பல லேப்டாப்களில் ஜிபியுவின் பயாஸ் மதர்போர்டின் பயாஸுக்குள் பொதிந்திருக்கிறது. எழுதும்போது தவறினால் லேப்டாப்பே எழுந்திருக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது. பயாஸ் சிப்பைப் ப்ரோக்ராமர் என்ற கருவியில் வைத்து எழுதி மீட்க மூன்று வாரம் அலைந்தேன். கிடைத்த லாபம் மூன்று நான்கு எஃப்பிஎஸ். அதற்காக அப்பா வாங்கித் தந்ததைப் பணயம் வைக்க வேண்டாம்.

இந்த +135 கூட நமக்கு எளிதாகக் கிடைத்ததில்லை. 2015 தொடக்கத்தில் என்விடியா லேப்டாப் ஓவர்க்ளாக்கையே ட்ரைவரில் அடைத்துவிட்டது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்த பிறகுதான் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

கேட்டவர்

நேற்று முழு நாளும் இதே வேலை. அடிமூடியைத் திறந்தபோது பயமாக இருந்தது. சர்வீஸ் அண்ணா சொன்ன அந்தக் கம்பளித் தூசி அப்படியே ஒரு பட்டையாக உரிந்து வந்தது. பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதிது பூசி மாட்டினேன்.

ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பார்த்தேன். சிபியு 81, ஜிபியு 70. எஃப்பிஎஸ் 36-க்குக் கீழே இறங்கவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் இது எப்படி ஓடியது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இனி ஓவர்க்ளாக் செய்யலாமா, இல்லை இத்தோடு நிறுத்திக்கொள்ளவா?

முதல் பதில்

மிகவும் மகிழ்ச்சி தம்பி. இப்போது செய்யலாம், இப்போதுதான் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் சிப்பில் பெரிய முட்டுக்கட்டை கோர் இல்லை, மெமரிதான். 940எம்எக்ஸ் இரண்டு வகையில் வந்தது. ஜிடிடிஆர்5 வகைக்கு மெமரி வேகம் நொடிக்கு 40 ஜிபி. உங்களுடைய டிடிஆர்3 வகை 1001 மெகாஹெர்ட்ஸில், 64 பிட் பாதையில் 16 ஜிபிதான் தரும். குடம் பெரிதாக இருந்து குழாய் சிறுத்தால் என்ன ஆகும், அந்தக் கதைதான். அதனால் கோரைவிட மெமரியை ஏற்றினால் பலன் நன்றாகத் தெரியும்.

மெமரியை +25, +25 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் யூனிஜின் ஹெவன் பெஞ்ச்மார்க்கைப் (ஜிபியுவைச் சோதிக்கும் மென்பொருள்) பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் மின்மினி மாதிரி புள்ளிகளோ, சிதைந்த நிறமோ வந்தால் மெமரி எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். 30 பின்வாங்குங்கள். அப்புறம் கோரை ஏற்றுங்கள். கோர் தாங்காவிட்டால் திரை ஒரு கணம் கறுத்து, ட்ரைவர் நின்று மீண்டதாக விண்டோஸ் சொல்லும். ஜிபியு 2 நொடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்துவிடும், பயப்பட வேண்டாம்.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை ஆஃப்டர்பர்னரில் 'ஸ்டார்ட்அப்பில் அப்ளை' என்பதை டிக் செய்யாதீர்கள். தவறான அளவோடு டிக் செய்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதே தொல்லை, சேஃப் மோடில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100-ஐ 99 ஆக்கினால் சிபியுவின் டர்போ (தேவைப்படும்போது தானே வேகம் கூட்டுவது) நின்று 3.1-க்குப் பதில் 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரே ஹீட் பைப் என்று அண்ணன் சொன்னாரே, சிபியு குளிர்ந்தால் ஜிபியுவுக்கு மூச்சு கிடைக்கும். ஜிடிஏ 5 சிபியுவையும் நன்றாக வேலை வாங்கும் விளையாட்டு என்பதால் இதில் லாபமா நஷ்டமா என்று இரண்டு விதமும் ஆடிப் பாருங்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் அண்டர்வோல்ட் செய்வது (சிபியுவுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) இதைவிட நல்லது. ஆனால் 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பயாஸ் அப்டேட்கள் பலவற்றில் அண்டர்வோல்ட் வசதியையே மூடிவிட்டார்கள்.

கேட்டவர்

மெமரி +150-இல் மரங்களின் மேல் பச்சைப் புள்ளிகள் மின்னின. +120-க்கு இறக்கினேன், சுத்தமாக இருக்கிறது. கோர் +100. இப்போது 42 எஃப்பிஎஸ், ஒரு மணி நேரம் கழித்தும் 41. ஜிபியு 74 டிகிரி. டர்போவை நிறுத்தினால் கூட்டமான தெருக்களில் எஃப்பிஎஸ் குறைகிறது, அதனால் டர்போ இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேகமாக ஓட்டும்போது மட்டும் சில இடங்களில் நொடி நேரம் நிற்கிறது.

இரண்டாம் பதில்

அது ஜிபியு இல்லை, ஹார்ட் டிஸ்க். விளையாட்டில் வரும் ஊரை வட்டிலிருந்து படித்துக் கொண்டுவர நேரமாகிறது. காசு சேரும்போது ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், விளையாட்டுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் வேறு லேப்டாப் மாதிரி இருக்கும்.

வேறொருவர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடைய லேப்டாப்பில் இருப்பது எம்எக்ஸ்150 என்ற என்விடியா ஜிபியு. சுத்தம் செய்துவிட்டேன், சூடு 65-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் நண்பனின் எம்எக்ஸ்150-ஐவிட என்னுடையது மிகவும் மெதுவாக இருக்கிறது. ஏன்?

முதல் பதில்

ஜிபியு-இசட்டில் டிவைஸ் ஐடி (சிப்பின் அடையாள எண்) பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு சிப்கள் வந்தன. 1டி10 என்று முடிந்தால் 25 வாட் வகை, அடிப்படை க்ளாக் 1468. 1டி12 என்றால் மெல்லிய லேப்டாப்களுக்கான 10 வாட் வகை, 937-இல் தொடங்கும். உங்களுடையது இரண்டாவதாக இருந்தால் தடை சூட்டில் இல்லை, மின்சார அளவில் இருக்கிறது. பெர்ஃப்கேப் ரீசனில் 'தெர்ம்' இல்லாமல் 'பவர்' என்று காட்டும். பார்த்துச் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி பேசலாம்.