.22 ரிம்ஃபயர்: குழலை மாற்றவா, ரைபிளையே மாற்றவா?

ஐம்பது மீட்டர்:

வணக்கம். என்னிடம் இருப்பது போல்ட் ஆக்‌ஷன் .22 எல்ஆர் ரைபிள் (0.22 அங்குல விட்டச் சிறு தோட்டா, ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துப் பூட்ட வேண்டும்). மெல்லிய குழல், மரக் கட்டை, முன்னால் பைபாட் (இரண்டு கால் தாங்கி). உரிமத்தோடு, ரேஞ்சில், காகித டார்கெட் சுடுவதற்கு மட்டும்.

50 மீட்டரில் படுத்துச் சுட்டால் பத்துத் தோட்டா குரூப்பின் (டார்கெட்டில் விழும் துளைகளின் கூட்டம்) உயரம் 35 மிமீக்குக் கீழே இறங்குவதே இல்லை. அகலம் என்னவோ 15 மிமீதான். முதல் சில தோட்டாக்கள் ஓரளவு ஒன்றாக விழுகின்றன, அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏறுகின்றன. கேட்டவர்கள் எல்லாரும் ஹெவி பேரல் போடச் சொல்கிறார்கள். கனமான குழல், ட்ரிகர், கட்டை எல்லாம் சேர்ந்தால் இன்னொரு ரைபிளே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. எதில் கை வைப்பது? மேம்படுத்துவதா, புதிதாக வாங்குவதா?

மெழுகும் ஈயமும்:

எந்தத் தோட்டா? ஸ்கோப் என்ன? கட்டைத் திருகுகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஐம்பது மீட்டர்:

தோட்டா மொத்தமாக டப்பாவில் வரும் ஹை வெலாசிட்டி வகை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வினாடிக்கு 1235 அடி. ஸ்கோப் 40 மிமீ முன்கண்ணாடி, பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது) 100 கெஜத்தில் வராதபடி நிலையாக வைத்தது, மாற்ற முடியாது. திருகுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) வைத்துப் பார்த்ததில்லை.

மெழுகும் ஈயமும்:

அப்படியானால் இப்போதைக்குக் குழலைத் தொடாதீர்கள். குரூப்பின் வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மேலும் கீழுமாக நீண்டால் முதலில் தோட்டாவைச் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு இதுதான். .22 குண்டு 50 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.16 வினாடி ஆகும். அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 செமீ கீழே விழுந்துவிடும். புறப்படும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, விழும் இடம் சுமார் 7 மிமீ மாறும். ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மிமீதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மலிவான டப்பாவில் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் 30 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், 20 மிமீ உயரம் அங்கேயே போய்விட்டது. அதை எந்தக் குழலாலும் திருத்த முடியாது.

ரிம்ஃபயரில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் வெடிகலவை தோட்டாவின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. சுற்றிலும் சீராகப் பரவாவிட்டால் மருந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரிப் பற்றும். சென்டர்ஃபயர்காரர்கள், அதாவது வெடிகலவை தோட்டாவின் அடி நடுவில் இருக்கும் வகையைச் சுடுபவர்கள், மருந்தை எடை போட்டுத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி இல்லை. நல்ல தோட்டாவைத் தேடிப் பிடிப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று, ஹை வெலாசிட்டி குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, உங்கள் டார்கெட்டை எட்டும் முன்பே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் குண்டு ஆட்டம் காண வாய்ப்பு உண்டு. பக்கக் காற்றிலும் அதுதான் அதிகம் விலகும். வேகமான குண்டு காற்றுக்கு அசையாது என்று பலர் நம்புகிறார்கள், .22ல் அது நேர் எதிர். 1070 அடி வேகத்தை ஒட்டிய ஸ்டாண்டர்ட் வகைக்கு மாறுங்கள்: சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எலி கிளப் இப்படி மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி. உங்கள் ரைபிளுக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

வகை மாற்றும்போது முதல் 15, 20 தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசும் மெழுகு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. குழலுக்குள் புது மெழுகு படியும் வரை குண்டுகள் அலையும்.

பழைய இரும்பு:

மெழுகும் ஈயமும் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த "மெல்ல மேலே ஏறுகிறது" என்பதைத் தோட்டா மட்டும் விளக்காது. வேக வித்தியாசம் என்றால் குண்டுகள் முறை இல்லாமல் மேலும் கீழும் சிதற வேண்டும். ஒரே பக்கமாக ஏறுகிறது என்றால் ஏதோ ஒன்று குழலைத் தள்ளுகிறது.

ரைபிள் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள் தம்பி. ஒரு துண்டுத் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, நுனியிலிருந்து பின்னால் வரை இழுங்கள். தாராளமாக ஓட வேண்டும். அப்புறம் அதையே பைபாட் மேல் ரைபிளை வைத்து, சுடும்போது தோளால் எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்திக்கொண்டு இன்னொருவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்று போல இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, முன் திருகைத் தளர்த்தும்போது குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொள்ளுங்கள். திருகு இளகும்போது குழல் எழும்புவதை விரல் உணர்ந்தால், ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் இரும்புப் பகுதி) கட்டையில் சமமாக உட்காரவில்லை, திருகு அதை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். பெடிங், அதாவது அந்த இரும்புப் பகுதி சமமாக உட்காரும்படி கட்டைக்குள் பிசின் நிரப்புவது, செய்ய வேண்டிவரும். அசைவே இல்லாவிட்டால் கவலை வேண்டாம். திரும்ப இறுக்கும்போது கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், மரக் கட்டையில் மனம் போன போக்கில் இறுக்கினால் மரம் நசுங்கும்.

கண்ணாடிக்காரன்:

ஸ்கோப்பை யாரும் கவனிக்கவில்லை. 100 கெஜத்துக்கு நிலையாக வைத்த 40 மிமீ ஸ்கோப்பில் 50 மீட்டர் பார்த்தால், கண் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும்போது குறி சுமார் 9 மிமீ வரை தள்ளிப்போகும். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிந்தால் பிரச்சினை இல்லை. படியாவிட்டால் அதுவும் குரூப்பில் சேரும். ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். குறிக்கம்பி டார்கெட் மேல் நீந்துவது உங்களுக்கே தெரியும். எதற்காவது செலவு செய்தே தீர வேண்டும் என்றால், பாரலாக்ஸ் திருத்தக்கூடிய ஸ்கோப்புக்குச் செய்யுங்கள். நாளைக்கு ரைபிள் மாறினாலும் அது கூடவே வரும்.

ஐம்பது மீட்டர்:

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தாள் சோதனையில்தான் விஷயம் கிடைத்தது. ரைபிள் சும்மா இருக்கும்போது தாள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பைபாடை அழுத்தினால் கட்டையின் நுனியிலிருந்து இரண்டு விரல் உள்ளே நின்றுவிடுகிறது, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டை மேலே வளைந்து குழலைத் தொடுகிறது. பைபாடைக் கழற்றி, மூட்டையை மேகசினுக்குச் சற்று முன்னால் வைத்து அதே பழைய தோட்டாவைச் சுட்டேன். மேலே ஏறுவது அடியோடு நின்றது, உயரம் 25 மிமீக்கு வந்தது.

அடுத்து ஸ்டாண்டர்ட் வகைகள். மூன்றில் இரண்டு 20 மிமீ சுற்றி. ஒன்று மட்டும் பத்துத் தோட்டாவை 14 மிமீக்குள் போட்டது, திரும்பச் சுட்டாலும் அதே அளவு. முன் திருகைத் தளர்த்தினபோது குழல் அசையவில்லை.

இனி ட்ரிகர், குழல் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

பழைய இரும்பு:

கட்டையின் குழல் பள்ளத்தை உப்புத்தாள் போட்டு ஒரு மில்லிமீட்டர் தேயுங்கள், தேய்த்த இடத்துக்கு வார்னிஷ் பூசுங்கள். ஈரம் ஏறினால் மரம் மறுபடி ஊதும்.

ட்ரிகரைக் கையேட்டில் சொன்ன அளவுக்குள் மட்டும் இளக்குங்கள், அதற்குக் கீழே போகவே கூடாது. இளக்கியபின் காலி ரைபிளில் போல்ட்டைப் பூட்டி, பின்கட்டையை ரப்பர் விரிப்பில் நன்றாகத் தட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தானே விழுந்தால் உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

மெழுகும் ஈயமும்:

14 மிமீ என்றால் ஏறத்தாழ ஒரு எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்). மெல்லிய குழலுக்கு இது நல்ல பலன். குழல் மாற்றுவதால் இனிக் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். அந்த மில்லிமீட்டர் போட்டியில் முக்கியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்றைப் படிக்கப் பழகும் வரை அது உங்களுக்குத் தென்படாது. வினாடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்றே 50 மீட்டரில் 6, 7 மிமீ தள்ளும். டார்கெட் ஓரமாக ஒரு ரிப்பன் கட்டுங்கள்.

பிறகு ஒருநாள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மேட்ச் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, குண்டின் முன்பகுதி ரைஃப்ளிங்கை (குழலுக்குள் உள்ள சுருள் வரிகள்) தொட்டு உட்காரும்படி இறுக்கமாகக் குடைந்தது. கனமான குழல் சூடேறவும் அசையவும் நேரம் எடுக்கும், அவ்வளவுதான் அதன் நன்மை. நீளத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள், .22ன் மருந்து 40 முதல் 45 செமீக்குள் தன் வேலையை முடித்துவிடும். சிஇசட் 457ல் குழலை இரண்டு சிறு திருகுகள்தான் பிடித்திருக்கின்றன, வீட்டிலேயே மாற்றலாம். டிக்கா டி1எக்ஸுக்கு டி3எக்ஸின் கட்டைகள் பொருந்தும். படிப்படியாக மேம்படுத்த நினைப்பவர்களுக்கு இந்த இரண்டும் வசதி. போட்டிதான் குறிக்கோள் என்றால் ஆன்ஷுட்ஸ் 54 ஆக்‌ஷன், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஐம்பது மீட்டர், அந்த 14 மிமீ பெட்டியின் லாட் எண்ணை (தயாரித்த தொகுதியின் எண்) பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் பலன் மாறும். அதே எண்ணில் கடையில் இன்னும் பெட்டிகள் இருந்தால், உரிமம் அனுமதிக்கும் வரை வாங்கி வைத்துவிடுங்கள். தீர்ந்தபின் தேடினால் கிடைக்காது.

ஐம்பது மீட்டர்:

எண்ணைக் குறித்துக்கொண்டேன், கடையில் கேட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி: குழலை எப்போது சுத்தம் செய்வது?

பழைய இரும்பு:

குரூப் கெடும்போது, இல்லாவிட்டால் போல்ட் பூட்டும்போது தோட்டா கடைசியில் லேசாக முட்டினால். சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகக் கட்டிக்கொள்ளும், பெரும்பாலும் அழுக்கு அங்கேதான். கரைப்பான் தொட்ட துணியைப் பின்பக்கமிருந்து, போர் கைடு (சுத்தம் செய்யும் தண்டைக் குழலின் நடுவில் செலுத்தும் குழாய்) போட்டு, நுனி நோக்கி மட்டும் தள்ளுங்கள். அப்புறம் மறுபடி மெழுகு படியும் வரை முதல் தோட்டாக்களை டார்கெட்டுக்குக் கணக்கு வைக்காதீர்கள்.